விமானப் பயண உடையை உட்கார்ந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

பத்து, பன்னிரண்டு மணி நேரம் நீளும் விமானப் பயணத்தில் உடலுக்குத் தொல்லை தராமலும், இறங்கிய கையோடு அதே உடையில் ஒரு சந்திப்புக்குப் போனால் பார்ப்பதற்குக் கண்ணியமாகவும் இருக்கும்படி எப்படி உடுத்துவது, அதற்கென்று தனியாக உடை வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. தனியாக வாங்க வேண்டியதில்லை. அலமாரியில் ஏற்கெனவே இருப்பதிலேயே பெரும்பகுதி தேறிவிடும். மாற்ற வேண்டியது தேர்ந்தெடுக்கும் முறையைத்தான். கடையிலும் வீட்டிலும் நாம் உடையை நின்றபடி கண்ணாடியில் பார்த்து முடிவு செய்கிறோம். விமானத்திலோ அதே உடையை உட்கார்ந்தபடி, முழங்கால் மடங்கி, இடுப்பில் பட்டை கட்டி, ஒரு முழு இரவு அணிந்திருக்கிறோம். வசதியும் அழகும் ஒன்றுக்கொன்று பகை என்ற எண்ணம் இந்தப் பிழையான சோதனையிலிருந்தே பிறக்கிறது என்பது என் கருத்து. உட்கார்ந்த உடலுக்குப் பொருந்தும் தையல் வெட்டும், உட்கார்ந்து எழுந்த பின்னும் வடிவம் கலையாத துணியும் அமைந்துவிட்டால் இரண்டில் எதையும் விட்டுக்கொடுக்க வேண்டி வராது.

விமானத்துக்குள் உடல் எந்தச் சூழலில் இருக்கப்போகிறது என்பது தெரிந்தால் மற்ற முடிவுகள் எளிதாகும். பெரிய ஜெட் விமானங்கள் ஏறத்தாழ 10,000 முதல் 12,000 மீட்டர் உயரத்தில் பறக்கின்றன. உள்ளே இருக்கும் காற்றழுத்தமோ 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள ஒரு மலையில் இருக்கும் அளவுக்கு வைக்கப்படுகிறது. போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதிய விமானங்களில் இது 1,800 மீட்டரை ஒட்டி நிற்கும். பழைய வகைகளில் மேல் எல்லையை நெருங்கும். அழுத்தம் குறைந்தால் வாயு விரியும், வயிற்றிலும் குடலிலும் இருக்கும் வாயுவும் அதற்கு விலக்கில்லை. 2,400 மீட்டர் அளவில் அது தரையில் பிடித்த இடத்தைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலான இடத்தைக் கேட்கும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது அளவாக இருந்த பேன்ட், நடுவானில் வயிற்றை அறுக்கத் தொடங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

அடுத்தது வறட்சி. அந்த உயரத்தில் வெளிக்காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 50 பாகை செல்சியஸையும் தாண்டிப் போவது வழக்கம். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரம் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் காற்றைத்தான் சூடாக்கி உள்ளே செலுத்துகிறார்கள் என்பதால் நீண்ட பயணங்களில் உள்ளே ஈரப்பதம் பெரும்பாலும் 10 முதல் 20 விழுக்காட்டுக்குள்ளேயே இருக்கும். தோல் இழுப்பதும் கண் எரிவதும் இதனால்தான். செயற்கை இழைத் துணி உடம்போடு ஒட்டிக்கொள்வதும், இருக்கையிலிருந்து எழும்போது சுரீரென்று மின் அதிர்வு தருவதும் இதனால்தான். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் அன்றைக்கு மட்டும் மூக்குக் கண்ணாடிக்கு மாறிக்கொள்வது நல்லது.

வெப்பநிலை 22 முதல் 24 பாகை அளவில் வைக்கப்பட்டாலும் எல்லா இருக்கைக்கும் அது ஒன்றாக இருப்பதில்லை. சன்னலோரச் சுவரும், கதவுகளையும் அவசர வழிகளையும் ஒட்டிய வரிசைகளும் குளிர்ந்திருக்கும். அசையாமல் உட்கார்ந்திருக்கும் உடல் குறைவான வெப்பத்தையே உண்டாக்குகிறது. தூங்கும்போது உடல் வெப்பமும் சற்று இறங்குகிறது. ஏறும் நேரத்தில் வரிசையில் நின்று, பையைத் தூக்கி மேலே வைத்து வியர்த்தவரே இரண்டு மணி நேரம் கழித்துப் போர்வை தேடுவது இதனால்தான். பயணம் முழுவதற்கும் பொருந்தும் ஒரே கனமான உடை என்று எதுவும் இருக்க முடியாது.

துணியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பாதி வெற்றி அங்கேதான் இருக்கிறது. துணி ஆய்வகங்களில், சாதாரணக் காற்றில் ஓர் இழை தன் எடையில் எத்தனை விழுக்காடு ஈரத்தை ஏற்கிறது என்ற பொது அளவுகோலில் இழைகளை ஒப்பிடுவார்கள்: கம்பளிக்கு ஏறத்தாழ 16 விழுக்காடு, பட்டுக்கு 11, பருத்திக்கு 8.5, பாலியெஸ்டருக்கு 0.4. வியர்வை ஆவியாக இருக்கும்போதே அதை உள்வாங்கிக்கொள்ளும் இழை உடம்பை உலர்வாக வைத்திருக்கும். கம்பளி தன் எடையில் 30 விழுக்காடு வரை ஈரத்தை ஏற்ற பின்னும் கைக்கு நனைந்ததாகத் தெரியாது. பாலியெஸ்டர் நீரை ஏற்காது, ஆனால் தோலின் எண்ணெய்ப்பசையைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் இரவு முழுக்க அணிந்தால் வாடை ஏறிவிடும். கம்பளி என்றவுடன் குளிர்கால ஸ்வெட்டரும் அரிப்பும் நினைவுக்கு வரும். அரிப்பைத் தருவது இழையின் பருமன். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்ட முரட்டு இழை முனைகள்தான் தோலைக் குத்துகின்றன. மெரினோ என்ற ஆட்டினத்தின் கம்பளி பெரும்பாலும் 24 மைக்ரானுக்கும் கீழே இருப்பதால் மெல்லிய மெரினோ டி-ஷர்ட்டை நேரடியாகத் தோலின் மேலேயே அணியலாம். விமானத்துக்கென்று ஒரே ஒரு பொருள் வாங்கியே தீருவேன் என்பவருக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான்.

கசங்கல் எப்படி உண்டாகிறது என்பதும் இழையைப் பொறுத்ததே. பருத்தி, லினன், ரேயான் ஆகிய மூன்றும் செல்லுலோஸால் ஆனவை. உடல் சூடும் வியர்வை ஈரமும் படும்போது அவற்றின் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகள் தளர்ந்து, மடிந்த நிலையிலேயே புதிதாகப் பிணைந்துகொள்கின்றன; நம் எடை மேலே அழுத்திக்கொண்டிருப்பதால் மடிப்பு இஸ்திரி போட்டதுபோல் பதிந்துவிடுகிறது. கம்பளி இழை இயல்பிலேயே சுருண்டது என்பதால் அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்புகிறது. நூலின் முறுக்கும் நெசவும்கூடக் கணக்கில் வரும். நன்றாக முறுக்கேற்றிய நூலில் நெய்த மெல்லிய கம்பளித் துணியும் கிரேப் துணியும் வளைந்து கொடுத்து நிமிரும். கண்ணி கண்ணியாகப் பின்னப்படும் பின்னலாடை, பருத்தியாக இருந்தாலும், நெய்த பருத்தியைவிடக் குறைவாகவே கசங்கும்.

எந்தத் துணி என்று உடையில் தைத்திருக்கும் விவரச் சீட்டைப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதும் இல்லை. உடையின் ஓர் ஓரத்தை உள்ளங்கையில் சுருட்டி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்துவிட்டு விடுங்கள். கோடுகள் அப்படியே நின்றால் அந்த உடை விமானத்துக்கு வேண்டாம். ஒரு நிமிடத்தில் தானே மறைந்தால் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். லினன் மட்டும் இதில் ஒரு தனிச் சேதி. அது நிச்சயமாகக் கசங்கும், ஆனால் கசங்கலே அதன் அழகு என்று ஏற்றுக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். தளர்வாகத் தைத்த லினன் சட்டையில் அந்தக் கசங்கல் பொருந்திவிடும், அளவெடுத்துத் தைத்த லினன் கோட்டில் அது அலட்சியமாகத் தெரியும்.

உடையின் தையல் வெட்டைச் சோதிக்க ஒரு நாற்காலி போதும். அணியவிருக்கும் உடையை முழுவதுமாக, உள்ளாடை முதல் ஷூ வரை அணிந்துகொண்டு, முழங்கால் சற்று உயர்ந்திருக்கும்படி பாதத்துக்குக் கீழே ஒரு புத்தகக் கட்டை வைத்து, அரை மணி நேரம் உட்காருங்கள். அந்த நேரத்தில் உடை தன் குறைகளையெல்லாம் ஒவ்வொன்றாகக் காட்டிவிடும். இடுப்புப்பட்டி அடிவயிற்றில் மடிந்து அழுத்துகிறதா, தொடைச் சந்தில் துணி குவிகிறதா, முழங்காலுக்குப் பின்னால் தையல் உறுத்துகிறதா, பேன்ட்டின் கால் கணுக்காலுக்கு மேலே ஏறிக் காலுறைக்கும் அதற்கும் இடையில் தோல் தெரிகிறதா, கையை மேலே தூக்கினால் சட்டை வெளியே வந்துவிடுகிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் பெட்டியில் பையை வைக்கும் அந்த அசைவைச் செய்து பார்க்காமல் எந்தச் சட்டையையும் நம்ப வேண்டாம்.

பேன்ட்டைப் பொறுத்தவரை, முன்பக்கம் சாதாரண இடுப்புப்பட்டியும் பின்பக்கம் எலாஸ்டிக்கும் வைத்துத் தைத்தவை மிகச் சிறந்தவை, ஏனெனில் முன்னால் பார்ப்பவருக்கு அது ஒழுங்கான பேன்ட்டாகவும் அணிந்தவருக்கு இரவு உடையாகவும் இருக்கிறது. தொடையில் தாராளமாகத் தொடங்கிக் கணுக்காலை நோக்கிக் குறுகும் வெட்டு ஆண், பெண் இருவருக்கும் உட்காரும்போது இடம் தரும், நிற்கும்போது சீராக விழும். பெல்ட் வேண்டாம் என்பேன்: அதன் கொக்கியின் மேலேயே இருக்கையின் பட்டையும் வந்து உட்காரும், சோதனைச் சாவடியிலும் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். இருக்கைப் பட்டை இடுப்பெலும்பின் மேல் தாழ்வாகப் படிய வேண்டும் என்பதால், அந்த இடத்தில் பெரிய பொத்தான், கனமான முடிச்சு, சட்டையின் குவிந்த விளிம்பு எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது நல்லது. கர்ப்பிணிகள் பட்டையை வயிற்றுக்குக் கீழே அணிய வேண்டியிருப்பதால் அவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ஜீன்ஸைப் பலரும் ஒரேயடியாகத் திட்டுகிறார்கள், அது நியாயமில்லை. இரண்டு விழுக்காடு அளவுக்கு எலாஸ்டேன் என்ற இழுபடும் இழை கலந்த, மெல்லிய, பல தடவை துவைத்துப் பழகிய ஜீன்ஸ் நான்கு மணி நேரப் பயணத்துக்குத் தாராளமாகப் போதும். இரவுப் பயணத்துக்கு நான் அதை விரும்பாததற்குக் காரணம் அதன் தடித்த தையல்கள் இடுப்பின் மடிப்பிலேயே வந்து சேர்வதும், அதன் நெசவு சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும்தான். மேலும் கீழும் ஒன்றாக இணைத்துத் தைத்த ஜம்ப்சூட் புகைப்படத்தில் அழகாக இருக்கும். விமானக் கழிவறையின் அளவை நினைத்தால் அந்த அழகு எனக்கு மறந்துவிடுகிறது. தரையைத் தொடும் பாவாடைக்கும் அகலமான கால்களுள்ள பேன்ட்டுக்கும் இதே குற்றச்சாட்டு உண்டு, அந்தத் தரை எப்போதும் உலர்ந்திருப்பதில்லை.

காலுக்கு வருவோம். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கிச் சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மணிக்கணக்கில் உட்கார்ந்தால் அந்த வேலை நின்றுபோய்க் கணுக்காலில் நீர் தேங்குகிறது. கால் வீங்குவது பெரும்பாலும் தீங்கற்றது, ஓரிரு நாளில் வடிந்துவிடும். ஆழ்நாளங்களில் இரத்தம் உறைவதுதான் அபாயகரமானது. உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தால் அந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காவதாகவும், ஆனாலும் நலமாக உள்ளவர்களில் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற சிறிய அளவிலேயே அது இருப்பதாகவும் சொன்னது. அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள், முன்பு இரத்த உறைவு வந்தவர்கள், கர்ப்பிணிகள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் போன்றோருக்கு ஆபத்து கூடுதல். அவர்களுக்கு மருத்துவர்கள் பரிந்துரைப்பது முழங்காலுக்குக் கீழே நிற்கும் அழுத்தக் காலுறை. கணுக்காலில் 15 முதல் 30 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் தந்து மேலே போகப் போகத் தளரும்படி அது பின்னப்பட்டிருக்கும். அளவு சரியாக இருக்க வேண்டும், மேல் விளிம்பைச் சுருட்டி விடக்கூடாது, காலின் தமனிகளில் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அணியவே கூடாது. மருந்துக்கடையின் தோல்நிறக் காலுறையைத்தான் அணிய வேண்டும் என்ற நிலை இப்போது இல்லை. வரிவரியாகப் பின்னிய கருநீல, சாம்பல் நிறக் காலுறைகள் கிடைக்கின்றன, பேன்ட்டுக்குக் கீழே அவை சாதாரணக் காலுறையாகவே தெரியும். ஆபத்துக் காரணிகள் ஏதும் இல்லாதவர்களும் வீக்கத்தைக் குறைக்க அணியலாம். இறுக்கமான மோதிரங்களையும் அன்றைக்கு வீட்டில் விடுவது நல்லது, விரல்களும் சற்று வீங்கும்.

வீக்கம் வரும் என்று தெரிந்த பின் புத்தம் புதிய, அளவெடுத்தாற்போல் பிடிக்கும் ஷூவை அணிவதில் பொருளில்லை. நாடா கட்டித் தளர்த்தக்கூடிய தோல் ஷூவும், எளிய வடிவமுள்ள ஒரே நிற ஸ்னீக்கரும், குதிகாலை மூடிய தட்டையான ஷூவும் நல்ல தேர்வுகள். பறக்கும் நேரத்தில் கழற்றி வைக்கலாம். கழிவறைக்குப் போகும்போதும், விமானம் ஏறும் இறங்கும் நேரங்களிலும் கட்டாயம் அணிந்திருக்க வேண்டும். முதலாவதன் காரணத்தை மேலே சொன்ன தரையே சொல்லும். இரண்டாவதற்குக் காரணம், ஆபத்துகளில் பெரும்பகுதி அந்த நேரங்களில்தான் நேர்கிறது என்பது. அவசரத்தில் பாதி வழிகளை மட்டும் பயன்படுத்தி 90 விநாடிக்குள் எல்லோரும் வெளியேறிவிட முடியும் என்று நிரூபித்த பிறகே பெரிய பயணி விமானங்களுக்குச் சான்றிதழ் கிடைக்கிறது. அந்த 90 விநாடியில் ஷூவைத் தேட நேரம் இல்லை. காற்று நிரப்பிய சறுக்குப் பாதையைக் கிழித்துவிடும் என்பதால் உயர்ந்த குதிகால் காலணிகளைக் கழற்றச் சொல்வார்கள். பிறகு உடைந்த பொருட்களின் மேல் வெறுங்காலோடு ஓட வேண்டியிருக்கும். விமானப் பணிப்பெண்கள் பலரும் நிலையத்தில் குதிகால் உயர்ந்த காலணியோடு நடந்துவிட்டு, உள்ளே வந்ததும் தட்டையானதற்கு மாறிக்கொள்கிறார்கள். அதைப் பார்த்தே நாமும் கற்றுக்கொள்ளலாம்.

இதே நோக்கில் துணியைப் பற்றி இன்னொரு சொல். நைலானும் பாலியெஸ்டரும் ஏறத்தாழ 220 முதல் 260 பாகை வெப்பத்தில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கம்பளி உருகாது, எளிதில் பற்றவும் பற்றாது. பருத்தி எரியும், ஆனால் உருகி ஒட்டாது. சறுக்குப் பாதையில் வேகமாக வழுக்கி இறங்கும்போது மெல்லிய செயற்கை லெக்கின்ஸும் வெறும் தொடையும் உராய்ந்து புண்ணாகும். விமான விபத்து மிக அரிது என்பதால் இதை மட்டுமே வைத்து உடையைத் தீர்மானிக்க வேண்டியதில்லை. ஆனால் முழுக்கால் பேன்ட், மூடிய ஷூ, இயற்கை இழை ஆகிய மூன்றும் வசதிக்காகவும் அழகுக்காகவும் நாம் ஏற்கெனவே தேர்ந்தெடுத்தவையே என்பதால் பாதுகாப்பு இங்கே கூடுதல் செலவில்லாமல் வந்து சேர்கிறது.

குளிருக்குத் தீர்வு அடுக்கடுக்காக உடுத்துவது. தோலின் மேல் மெல்லிய டி-ஷர்ட் அல்லது மேலாடை, அதன் மேல் மென்மையான ஸ்வெட்டர் அல்லது முன்புறம் திறக்கும் பின்னலாடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஜாக்கெட். இந்த மூன்றும் தனித்தனியாகவே வெளியில் அணியத் தகுந்தவையாக இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். ஸ்வெட்டரைக் கழற்றினால் உள்ளே சாயம்போன பனியன் தெரியுமானால், வியர்த்தாலும் கழற்றாமல் உட்கார்ந்திருப்பீர்கள். தலை வழியாகக் கழற்றும் உடையைவிட முன்புறம் திறப்பது நல்லது, நடு இருக்கையில் இருபுறமும் ஆள் இருக்கும்போது முழங்கையை உயர்த்த இடம் இருக்காது. இதோடு இரண்டு மீட்டர் அளவுள்ள ஒரு மெல்லிய கம்பளிச் சால்வையைச் சேர்த்துக்கொண்டால் அது போர்வையாகும், மடித்தால் கழுத்துக்கு அணையாகும், இறங்கியதும் தோளில் போட்டால் எளிய உடைக்கும் எடுப்பு கூட்டும். இவ்வளவு குறைந்த இடத்தில் இவ்வளவு வேலை செய்யும் பொருள் வேறொன்று எனக்குத் தெரியவில்லை. குளிர் நாட்டுக்குப் போகிறவர்கள் கனமான கோட்டையும் பூட்ஸையும் பெட்டியில் அடைக்காமல் அணிந்தே போனால் பெட்டியின் எடை குறையும். பூட்ஸ் மட்டும் சற்றுத் தளர்த்தக்கூடியதாக இருக்கட்டும்.

சோதனைச் சாவடிக்காகப் பெரிதாக யோசிக்க வேண்டியதில்லை. உலோகக் கொக்கிகள், சரிகை, சமிக்கி வேலைப்பாடு, பல அடுக்காக மடிந்து தொங்கும் துணி, உள்ளே தகடு வைத்த ஷூ ஆகியவை கருவிகளில் தனியாகத் தெரிந்து, உங்களை ஓரமாக நிற்க வைத்துத் தடவிப் பார்க்கும் நிலையை உண்டாக்கும். அமெரிக்காவில் 2006 முதல் எல்லோரும் ஷூவைக் கழற்ற வேண்டும் என்றிருந்த விதி 2025 ஜூலையில் கைவிடப்பட்டது. எந்த நாட்டிலும் அலுவலர் கேட்டால் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதால் காலுறையில் ஓட்டை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி அழகு. பழைய விமானப் புகைப்படங்களைக் காட்டி, அந்தக் காலத்தில் எல்லோரும் கோட்டும் சூட்டுமாகப் பறந்தார்கள், இப்போது மரியாதை கெட்டுவிட்டது என்று ஏங்குபவர்கள் உண்டு. அந்தப் படங்களில் முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் நடுவில் இருக்கும் இடத்தையும் அவர்கள் சேர்த்துப் பார்க்க வேண்டும். இன்றைய சாதாரண வகுப்பில் ஒரு வரிசைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம் பெரும்பாலும் 71 முதல் 81 சென்டிமீட்டர்தான். அந்த இடத்தில் தோளில் பஞ்சுத் திணிப்பும் முழு லைனிங்கும் வைத்த கோட்டை அணிந்து தூங்குபவர், இறங்கும்போது எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கோட்டாக இருந்தாலும் கலைந்துதான் போவார். அதற்கு மாற்றாகத் திணிப்பும் லைனிங்கும் இல்லாமல் பின்னலாடைத் துணியில் தைத்த பிளேசர் கிடைக்கிறது. தொலைவிலிருந்து பார்த்தால் கோட்டு, அணிந்தவருக்கு ஸ்வெட்டர். உள்பையில் பாஸ்போர்ட்டையும் பேனாவையும் வைத்துக்கொள்ளலாம் என்பதால், இருக்கையின் முன்பையில் பாஸ்போர்ட்டை வைத்து மறந்துவிடும் அபாயமும் நீங்குகிறது.

அழகாகத் தெரிவதற்குப் பல பொருட்கள் தேவையில்லை. தோள் தையல் சரியாகத் தோளிலேயே விழுவது, உடையின் நிறங்கள் இரண்டு மூன்றுக்குள் அடங்குவது, ஷூ சுத்தமாக இருப்பது ஆகிய மூன்றும் இருந்தால் டி-ஷர்ட்டும் எலாஸ்டிக் பேன்ட்டும்கூட யோசித்து உடுத்தியதாகத் தெரியும். மேலும் கீழும் ஒரே நிறத்தில் அணிவது மிக எளிய வழி. ஒரே துணியில் வரும் பின்னலாடை இணை உடைகள் விமானத்தில் எடுபடுவது இதனால்தான். கருநீலம், கரும்பச்சை, அடர் சாம்பல், பழுப்பு ஆகியவை காபியும் குழம்பும் தெறித்தாலும் காட்டிக்கொடுக்காது. முழுக் கறுப்பு கறையை மறைக்கும், ஆனால் போர்வையின் பஞ்சையும் தலைமுடியையும் தூசியையும் விளம்பரப்படுத்தும். நெருக்கமான சிறு கோலங்கள் உள்ள துணி கறை, கசங்கல் இரண்டையும் மறைப்பதில் கெட்டிக்காரத்தனமானது.

கசங்காமையை அதன் எல்லைக்கே கொண்டுபோன உடைகளும் உண்டு. ஜப்பானிய வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகே 1993இல் ப்ளீட்ஸ் ப்ளீஸ் என்ற பெயரில் ஒரு வரிசையைத் தொடங்கினார். வேண்டிய அளவைவிடப் பல மடங்கு பெரிதாக உடையைத் தைத்துவிட்டு, அதன் பிறகு முழு உடையையும் சூட்டில் அழுத்தி நெருக்கமான மடிப்புகளைப் பதிக்கும் முறை அது. சுருட்டிப் பையில் வைத்தாலும், அதில் தூங்கினாலும் வடிவம் மாறாது. மடிப்புகள் விரிந்து கொடுப்பதால் வயிறு உப்பினாலும் இறுக்காது. அது பாலியெஸ்டர், நான் மேலே அதன் குறைகளைச் சொன்னேன். ஆனால் தோலோடு ஒட்டாமல் மடிப்புகள் எழும்பி நிற்பதால் காற்று நடமாடுகிறது, அந்தக் குறை பெருமளவு தெரியாமல் போகிறது. அதே முறையில் பலரும் தைத்து விற்கிறார்கள். உள்ளே மெல்லிய பருத்தி அடுக்கு ஒன்றைச் சேர்த்துக்கொண்டால் நீண்ட பயணத்துக்கும் குறையில்லை.

தலையைச் சுற்றியுள்ள பொருட்களை எளிமையாக வையுங்கள். பின்னந்தலையில் பெரிய கிளிப்போ உயர்ந்த கொண்டையோ இருந்தால் சாய முடியாது. தடித்த ஹூட் கழுத்தை முன்னே தள்ளும், தொங்கும் காதணி ஹெட்போனிலும் கழுத்தணையிலும் மாட்டிக்கொள்ளும். வாசனைத் திரவியத்தை அன்றைக்குத் தவிர்த்தே விடுங்கள். விமானத்துக்குள் சுழலும் காற்று ஹெபா வடிகட்டிகள் வழியாக வருகிறது என்பது உண்மை. அவை நுண்துகள்களைப் பிடிக்குமே தவிர, மணத்தைத் தரும் ஆவியைப் பிடிப்பதில்லை. அடுத்த இருக்கையில் இருப்பவருக்கு எழுந்து போக இடமும் இல்லை.

உடையைப் பற்றி விமான நிறுவனங்களுக்கு விதிகள் உண்டா என்றும் சிலர் கேட்பதுண்டு. வெறுங்காலோடு வருவதையும், மற்றவர்களைப் புண்படுத்தும் சொற்களோ படங்களோ உள்ள உடையையும் காரணம் காட்டி ஏற்ற மறுக்கும் உரிமையைப் பல நிறுவனங்கள் தங்கள் பயண ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருக்கின்றன. மற்றபடி பணம் கொடுத்த பயணிக்கு உடைக் கட்டுப்பாடு அநேகமாக இல்லை. நிறுவன ஊழியரின் சலுகைச் சீட்டில் பறப்பவர்களுக்கு மட்டும் சில நிறுவனங்கள் தனி விதிகள் வைத்திருப்பதால் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

சந்திப்புக்கு நேராகப் போகிறவர் செய்யக்கூடியது இதுதான். முறுக்கேறிய மெல்லிய கம்பளியில் தைத்த, பின்புறம் எலாஸ்டிக் உள்ள அடர்நிறப் பேன்ட், மெரினோ டி-ஷர்ட், பின்னலாடைப் பிளேசர், அழுத்தக் காலுறை, தளர்த்தக்கூடிய ஷூ, சால்வை ஆகியவற்றோடு ஏறுங்கள். கைப்பையில் ஒரு சட்டையை, பொத்தான் போட்டு, தளர்வாகச் சுருட்டி, தனிப் பையில் வையுங்கள். உள்ளாடையும் ஒரு புதிய காலுறையும் அதோடு இருக்கட்டும். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் அந்தச் சிறு பை உங்களைக் காப்பாற்றும். சர்வதேசப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டின் மான்ட்ரியல் ஒப்பந்தப்படி, தொலைந்ததை நிறுவனமே ஒப்புக்கொண்டால் தவிர, 21 நாள் ஆகியும் வராத பெட்டியையே தொலைந்ததாகக் கொண்டு பயணி உரிமை கோர முடியும் என்பதை நினைத்தால் அந்தச் சட்டையின் அருமை விளங்கும். விமானம் கிளம்புவதற்கு முன்பே பிளேசரைக் கழற்றி, உட்புறம் வெளியே தெரியும்படி மடித்து, மேல்பெட்டியில் எல்லோரும் தங்கள் பைகளை வைத்து முடித்த பிறகு அவற்றின் மேல் கடைசியாகப் போடுங்கள். முதலில் போட்டால் யாருடைய பெட்டியாவது அதன் மேல் உட்கார்ந்துவிடும்.

இறங்குவதற்கு ஒரு மணி நேரம் இருக்கும்போது, இருக்கைப் பட்டை விளக்கு எரிவதற்கு முன்பாக, கழிவறைக்குச் சென்று முகம் கழுவி, சட்டையை மாற்றிக்கொள்ளுங்கள். காலை உணவு பரிமாறிய பிறகு அங்கே வரிசை நீண்டுவிடும் என்பதால் அதற்கு முன்பே போவது நல்லது. சட்டையில் சுருக்கம் இருந்தால் ஈரக்கையால் நீவிவிட்டால் போதும்; அந்த வறண்ட காற்றில் அது சில நிமிடங்களில் காய்ந்து நேராகிவிடும்.